சுவரில் ஏறிய கை

அக்காவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மார்பை எடுத்த பக்கத்துக் கை. உயிரோடு இருந்தபோதே தோளுக்கு மேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, இப்போதா சொன்னபடி கேட்கப்போகிறது? தங்கை முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். சித்தி சட்டையைப் பின்பக்கமாகக் கத்தரித்தாள்.

"மெதுவா சித்தி. அவளுக்கு வலிக்கும்."

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை மெல்ல நகர்த்தினாள்.

முடி வெட்டும் கடைக்கு அக்கா போட்டுப் போகும் நீலச் சட்டை அது. "எந்தக் கொம்பனா இருந்தாலும் என் முன்னாடி தலை குனிஞ்சுதான் ஆகணும்" என்று பீற்றிக்கொள்வாள். ஆனால் கை மேலே வந்தால்தானே கத்தரிக்கோல் பிடிக்க முடியும்? ஆஸ்பத்திரி தொலைவு என்பதால் ஆபரேஷனுக்குப் பிறகு கைக்குப் பயிற்சி கொடுக்கிறவள் செல்போன் வீடியோவிலேயே வந்தாள். அக்கா அவளுக்கு 'போன் டாக்டர்' என்று பெயர் வைத்தாள். பின்னறை நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் தங்கை ஒரு துண்டு டேப்பை ஒட்டுவாள்.

பின்னறையில் அத்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"இந்த டேப்பைப் பாருங்க. இவ்வளவு உசரம் எட்டிட்டா. நல்லாத்தான் தேறிட்டு வந்தா."

உயரத்தில் இருந்த டேப்புகள் அக்காவுடையவை அல்ல.

நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அக்கா கண்டுபிடித்த வழி அது. "முடியலன்னு சொன்னா ஆஸ்பத்திரிக்கு வாம்பாங்க. போனா திரும்பி விடமாட்டாங்கடி. நீ நில்லு. கையைத் தூக்கினா மூஞ்சி மறைஞ்சிடும். ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகுதானே." அக்காவின் கையில்லாத பனியனைப் போட்டுக்கொண்டு தங்கை நின்றாள். "சரிங்க டாக்டர்" என்று கட்டிலில் படுத்தபடி அக்கா பதில் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியாது.

ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்க இடது கையைத் தூக்கியபோது போன் டாக்டர் நிறுத்தச் சொன்னாள்.

"அக்குள்ல என்னமோ புடைச்ச மாதிரி தெரியுதே. அது ஆபரேஷன் பண்ணாத பக்கம்தானே? தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

போன் அணைந்த பிறகு அக்கா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெறி கட்டியிருக்கும்க்கா."

"நானும் முதல்ல அப்படித்தான் சொன்னேன்."

"உன்னை இப்படி விட்டுட்டு நான் எங்க போறது? நீ எழுந்து உக்காரு. அப்புறம் போறேன்."

அக்கா எழுந்து உட்காரவில்லை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அத்தான் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அதன் பிறகு தன் இடது அக்குளைத் தங்கை தொடுவதே இல்லை. குளிக்கும்போதுகூட இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்று தெரியாதவளா? தெரியும். இருந்தாலும் பயம், பயம்தான்.

நீலச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேசையில் அக்காவின் போன் அடித்தது.

"யாரும்மா?" என்றாள் சித்தி.

"போன் டாக்டர்."

"பாவம், அவங்களுக்குத் தெரியாதுல்ல. சொல்லிடு."

அத்தான் வண்டி வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போயிருந்தார். தங்கை பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன, இன்னைக்கு தங்கச்சி எடுக்கறீங்க? அக்கா ரெடியா?"

"அக்கா போயிட்டாங்க டாக்டர். காலையில."

திரையில் இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்த இடது பக்கம்... யார்கிட்டயாவது காட்டினாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். அதோடு போயிற்று. அந்தக் கட்டி யாருடையது என்று தெரிந்த ஒரே ஒருத்தியும் அடுத்த அறையில் நீலச் சட்டையோடு படுத்திருக்கிறாள். சொன்னாலோ, கையைத் தூக்கி நின்றது யார் என்று அத்தான் வரைக்கும் போகும். அதைவிட, அக்கா போன வழியெல்லாம் தானும் போக வேண்டியிருக்கும்.

"லைன்ல இருக்கீங்களா?"

அவள் போனை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு சுவரோரமாக நின்று, இடது கை விரல்களைச் சுவரில் வைத்தாள். இந்த முறை முகத்தை மறைக்கவில்லை. வழக்கமாக உச்சிவரை ஓடும் விரல்கள் அக்காவின் கடைசி டேப்புக்கு வந்ததும் நின்றுவிட்டன.

"அது நீங்களா?" என்றாள் போன் டாக்டர், மிகவும் மெதுவாக.

தங்கை தலையை மட்டும் அசைத்தாள்.

"சரி. கையை இன்னும் கொஞ்சம் மேல கொண்டு போங்க. பார்க்கறேன்."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஆள்காட்டி விரல் டேப்பைத் தாண்டி, அதன் ஓரத்தை லேசாகப் பெயர்த்துக்கொண்டு, மேலே நகர்ந்தது.