இரண்டு ஜாமீன்

முப்பது வருட வங்கி உத்தியோகத்தை உதறிவிட்டுச் சட்டசபைத் தேர்தலில் குதித்த மேலாளருக்கு, முதல் தெருவிலேயே வந்தது சோதனை. தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தையல்காரரை அவருக்கு நன்றாகத் தெரியும். புது மிஷின் வாங்கக் கடன் கேட்டு வந்த மனிதரை, ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லி ஏழு தடவை அலையவிட்டவரே இவர்தான்.

வேட்பாளர் குழைந்து கும்பிட்டார். துண்டறிக்கைக் கட்டோடு கூட வந்த மனைவியும் கும்பிட்டார்.

"ஓட்டுதானே சார், போட்டுட்டாப் போச்சு," என்றார் தையல்காரர், மிதியிலிருந்து காலை எடுக்காமலே. "ஆனா அஞ்சு வருஷத்துக்கு உங்களை நம்பணுமே. ஜாமீனுக்கு ரெண்டு பேரைச் சொல்லுங்க."

"நான் ஒண்ணு," என்று முந்திக்கொண்டார் கூடவே வந்திருந்த கட்சிச் செயலாளர்.

"சரி, ஒண்ணாச்சு. கட்சி மாறாத ஆளா இன்னொண்ணு சொல்லுங்க."

செயலாளர் வானத்தைப் பார்த்தார். வேட்பாளருக்கோ போன உயிர் திரும்பி வந்தது. கட்டிய மனைவி பக்கத்திலேயே நிற்கும்போது என்ன கவலை? பெருமையாகத் திரும்பினார்.

மனைவி துண்டறிக்கைக் கட்டை மெதுவாகக் கைமாற்றிக்கொண்டார்.

"யார் கேட்டாலும் ஜாமீன் மட்டும் போட்டுடாதேன்னு இத்தனை வருஷமா நீங்கதானேங்க சொல்லிக்கிட்டிருக்கீங்க."