பத்து மணிக்கு மூடும் வெப்சைட்

அந்த வெப்சைட்டுக்குத் திறக்க ஒரு நேரம், மூட ஒரு நேரம் இருந்தது. காலை ஆறு மணிக்குத் திறக்கும், இரவு பத்துக்கு மூடும். மளிகைக் கடைக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. ‘சேவை நேரம்: காலை 6 முதல் இரவு 10 வரை’ என்று முதல் பக்கத்திலேயே சிவப்பில் போட்டுவைத்திருந்தாள் ஜாஸ்லின். நர்சிங் காலேஜுக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் அதையும் நம்பினார்கள், பாவம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி, நாலு கம்ப்யூட்டர், அதுதான் கம்பெனி. ஜாவாவில் எழுதி முடித்ததைச் சென்னையில் எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வரில் ஏற்றி ஓடவிடுவது கோபிநாத்தின் வேலை. அவன் போன மாதம் பெங்களூருக்குப் போய்விட்டான். “நீயும் வாயேன், அங்க வேல வாங்கித் தரேன்” என்று கேட்டுவிட்டுத்தான் போனான். பதில் சொல்ல இவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் அவன் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பிறகு போன் செய்ய ரோஷம் விடவில்லை.

அதனால் இந்த முறை அவளே ஏற்றினாள். கோபி எழுதிவைத்துவிட்டுப் போன நோட்டில் சர்வரைக் கிளப்ப இரண்டு வழி இருந்தது. முதல் வழியில் நாலு வரி காட்டிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. கிளம்பியதா இல்லையா என்றே தெரியவில்லை. உடனே நிறுத்திவிட்டு இரண்டாவதைப் போட்டாள். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. எங்கோ ஒரு பெண் விண்ணப்பத்தை அனுப்பினால் அவள் பெயர் இங்கே ஒரு வரியாக வந்து நின்றது. ஆளில்லாத ஆபீஸில் அது ஒரு பேச்சுத்துணை மாதிரி இருந்தது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அன்று இரவு, திரையில் வரிகள் ஓடிய அந்த ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் காலேஜிலிருந்து திட்டு வந்தது. ஜன்னலை மூடினாலோ, கரண்டோ நெட்டோ ஒரு நொடி போனாலோ சர்வரும் நின்றுவிடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. சரி, பக்கத்திலேயே இருந்துவிடலாம், விண்ணப்பம் முடிய ஐந்து நாள்தானே என்று நினைத்தாள்.

எந்த ஐந்து நாள் என்பதுதான் கொடுமை. ஆறாம் நாள் விடிவதற்குள் அவள் தம்பி ஜெஸ்டின் பிரான்ஸுக்கு விமானம் ஏறிவிடுவான். அம்மாவும் அப்பாவும் அங்கே குடிபோய் இரண்டு வருஷமாகிறது. அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தபோது ஜெஸ்டின் சின்னப் பையன், அவனுக்கும் கிடைத்தது. ஜாஸ்லினுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் அவள் மட்டும் இந்தியா. அந்த வீட்டில் இனி அவள் ஒருத்திதான். கடைசி ஐந்து நாளை அவனோடு இருக்க வேண்டும் என்று லீவுகூடச் சொல்லிவைத்திருந்தாள். இப்போது அவள் எழுந்து வரும்போது அவன் தூங்கினான், பத்தரைக்குத் திரும்பும்போதும் தூங்கினான்.

ஐந்தாம் நாள் ஆகஸ்ட் பதினாறு. மற்ற ஊர்க்காரர்கள் பதினைந்தோடு கொடியை மடித்துவைத்துவிடுவார்கள், புதுச்சேரிக்கு மட்டும், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் என்று மறுநாளும் லீவு. முதலாளி சக்கரபாணி குடும்பத்தோடு திருப்பதியில் இருந்தார். விண்ணப்பத்துக்கும் அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. ஜெஸ்டினைச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் வேன் இரண்டு மணிக்கே கிளம்புகிறது.

ஒன்றரைக்கு ஜெஸ்டினே மாடியேறி வந்தான்.

“அக்கா, ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்.”

“இத உட்டுட்டு வந்தா எப்ப வேணா நின்னுடும்டா. இன்னிக்குக் கடைசி நாளு.”

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து ஓடும் வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “கனகசெட்டிக்குளத்துலேந்து ஒரு பொண்ணு போட்டுருக்கு” என்றான். பிறகு நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு இறங்கிப் போனான். வேன் சத்தம் கேட்டது. அவள் எழுந்து தெருப்பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டரை மணிக்குத் தாங்க முடியாமல் போனை எடுத்தாள். யாரோடாவது பேச வேண்டும். யோசித்துப் பார்த்தால் அந்த ஊரில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை. ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டுக் கோபியின் நம்பரைப் போட்டாள். எடுத்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் சர்வர் கதையைச் சொன்னாள்.

“ஐயோ, ரெண்டாவது வழி சும்மா சோதிச்சுப் பாக்கத்தான். மொதல் வழியில கிளப்பு. அது பின்னால போயி ஓடிக்கிட்டே இருக்கும், நீ மூடிட்டுப் போலாம்.”

“அது ஒண்ணுமே சொல்லலியே, கோபி.”

“சொல்லலன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம். ஆமா, எவ்ளோ நேரமா இப்படி உக்காந்துருக்க?”

“இப்பதான்” என்றாள்.

அவன் சொன்னபடி செய்தாள். இரண்டு நிமிஷம் பிடித்தது. திரையில் ஜன்னலை மூடினாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்தாள். ஓடியது. சேவை நேரம் என்ற சிவப்பு வரி மட்டும் அங்கே அசட்டுத்தனமாக நின்றது. விமானம் இரவு ஒன்றரைக்கு என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்து, கிளம்பிக்கொண்டிருந்த சென்னை பஸ்ஸில் ஓடி ஏறினாள். மரக்காணம் வரை நின்றுகொண்டே போனாள்.

எட்டு மணிக்கு விமான நிலைய வாசலில் தள்ளுவண்டியோடு நின்றவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா! ஆபீஸு?”

“ஓடுது. நான் இல்லாமலே ஓடுது.”

“அப்ப நல்லதுதான? ஏன் அழுவுற?”

“அஞ்சு நாளு ஜெஸ்டின். நீ வீட்ல இருந்த, நான் அங்க உக்காந்துருந்தேன். அப்படி உக்காந்துருக்கவே வேணாமாம்டா.”

ஜெஸ்டினுக்குப் பாதிதான் புரிந்தது. “உள்ள போவ இன்னும் ஒரு மணி நேரம் இருக்குக்கா” என்று அவளை ஓரமாக உட்காரவைத்தான். அவனிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தாள். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தாள்.