எரிக்கக் கூடாத மெழுகுவர்த்தி

"இதையெல்லாம் தூக்கிக் குப்பையில போடு" என்றாள் கொரின். இரண்டு கைகளிலும் சூடு ஆறாத பாத்திரம். ஃப்ரீசர் கதவை முழங்கையால் திறந்து பிடித்திருந்தாள். "சாவு வீட்டுக்கு ஊரே சாப்பாடு கொண்டுவருது. வைக்க இடமில்ல. உள்ள பாத்தா அழுக்கு ஜாடி."

வெர்லின் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும். அவன் மனைவி ஆர்டிஸ் இறந்த நாளிலிருந்து ஊரில் யாரும் வேறெதுவும் சமைப்பதில்லை போலிருந்தது. கொண்டுபோய்க் கார் கொட்டகையில், பனிவண்டியின் இருக்கைமேல் வைத்தான். விஸ்கான்சின் ஜனவரியில் கொட்டகையே ஃப்ரீசர்தான்.

"ஜாடி இருக்கட்டும்க்கா" என்றான் திரும்பி வந்து. "அவ வெச்சது."

தானாக எழுந்து நடந்த கடைசி நாளில் ஆர்டிஸ் அவற்றை உள்ளே அடுக்கினாள். எரிந்து முடிந்த வாசனை மெழுகுவர்த்தி ஜாடியை உறைய வைத்தால் அடியில் ஒட்டிய மெழுகு சுருங்கிவிடும். கத்தியால் ஒரு நெம்பு, வில்லையாக வெளியே விழும். அப்புறம் சுடுதண்ணீர், லேபிள் பசைக்குச் சமையல் எண்ணெய், கழுத்தில் சணல் கயிறு. அப்படித் தேற்றிய ஜாடிகளில்தான் அந்த வீட்டில் பஞ்சும் கரண்டியும் பூவும் குடியிருந்தன. "என் சாவுச் சாப்பாட்டு மேசையில இதுதான் நிக்கணும்" என்று சொல்லியிருந்தாள். "உங்கக்கா வாடகைக்கு ஏதாவது பளபளன்னு கொண்டுவருவா. விட்றாத."

கொரின் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டாள். "கிரிஸ்டல் பூச்சாடி, வெள்ளை லில்லி. மத்தியானம் சர்ச் கூடத்துச் சாப்பாட்டுக்குப் பாதிரியார் சம்சாரம் வருவாங்க. காலி ஜாடிய வெச்சா, என் தம்பிக்குப் பூச்சாடிக்கு வக்கில்லன்னு நெனைப்பாங்க."

"வக்கில்லதான். எங்க பண்ணைப் பாலுக்கு என்ன விலைன்னு அவங்களுக்கும் தெரியும்."

"ரசனைன்னு ஒண்ணு இருக்குடா."

"இந்த வீட்ல அது அவகிட்ட இருந்துச்சு."

வங்கி மேலாளரின் விதவையான கொரினின் ரசனை ஊரறிந்தது. அவள் வீட்டில் யாரும் உட்காராத சோபாவும், யாரும் கை துடைக்காத துண்டும் உண்டு. சொந்தத் தம்பியைக்கூடச் சமையலறை வழியாகத்தான் உள்ளே விடுவாள்.

வெர்லின் முதல் ஜாடியை எடுத்து நெம்பினான். நீல வில்லை தொட்டியில் விழுந்து உருண்டது. கொரின் குனிந்து லேபிளைப் படித்தாள். 'ஏரிக்கரை விடியல்.'

"இது நான் கிறிஸ்துமஸுக்குக் குடுத்தது."

"எல்லாமே நீ குடுத்ததுதான்."

"எரிக்காதீங்க, அழகுக்குன்னு சொல்லித்தானே குடுத்தேன்."

"நீ கார் ஏறினதுமே கொளுத்திடுவா. தொழுவ நாத்தத்துக்கு. ஏரின்னு போட்டிருக்கு, மீன் வாசத்தக் காணோமேம்பா."

கொரின் கையுறையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவன் மீதியையும் நெம்பினான். ஆர்டிஸ் கட்டினால் வில்போல் நிற்கும் கயிறு, அவன் கையில் கன்றைக் கட்டும் முடிச்சாகவே வந்தது. அவிழ்த்துக் கட்டினான். மறுபடியும் கன்று. அப்படியே விட்டான்.

சர்ச் கூடத்தில் கிரிஸ்டல் வந்து இறங்கியிருந்தது. வெர்லின் மேசை மேசையாகப் போய் லில்லிகளை ஜன்னலோரம் நகர்த்தி, பைன் கிளை செருகிய ஜாடிகளை நடுவில் வைத்தான். கொரின் பின்னாலேயே வந்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்கடா."

"பாக்கத்தான வெக்கறேன்."

அவள் ஒரு லில்லியைத் திரும்பக் கொண்டுவந்தாள். அவன் திரும்ப எடுத்துப் போனான். இரண்டாம் முறை அவள் கொண்டுவரவில்லை.

பிரார்த்தனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாதிரியாரின் மனைவி ஜாடிமேல் குனிந்து முகர்ந்தார். "நல்லாருக்கே. எங்க வாங்கினது?"

கொரினின் கழுத்து ஓர் அங்குலம் நீண்டது. "எல்லாம் நான் வாங்கிக் குடுத்ததுதான்."

மேசையே அவளை மரியாதையாகப் பார்த்தது. வெர்லின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா" என்றான். "அக்கா வாங்கினது. எரிச்சது ஆர்டிஸ்."

யாரும் சிரிக்கவில்லை. கடைசி நாற்காலியில் மட்டும் ஒருவருக்குக் காபி புரையேறியது.

கொரின் கைக்குட்டையை எடுத்து மேசைக்கு அடியில் அவனிடம் நீட்டினாள். "நகத்தத் தொடச்சுக்கோ. மெழுகு ஒட்டியிருக்கு."

வெர்லின் பார்த்தான். கட்டைவிரல் நகத்தடியில் நீலமாய்க் கொஞ்சம் இருந்தது. அந்தக் கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மறு கையால் காபியைக் குடித்தான்.