பசுமை நேரம்

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது தேவேந்திரனின் கட்டட வடிவமைப்பு அலுவலகம். அதன் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வருகிறவர்களுக்கு ராஜகிரிக் கோட்டை தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. தெரிகிறது. கூடவே மதிய வெயிலும் வருகிறது. வெயில் சுலபமாகக் கண்ணாடியைத் தாண்டி வந்து தரையையும் மேசையையும் சுடவைக்கும். ஆனால் சூடேறிய தரை விடும் வெப்பம் வேறு மாதிரியானது. அது கண்ணாடி வழியே திரும்பிப் போகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நடப்பது இதுதான். காரிலாவது கண்ணாடியை இறக்கலாம். இந்தச் சுவரில் திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல்கூட இல்லை. திறந்தால் ஏசி வீணாகிவிடுமாம்.

இங்கே உட்கார்ந்துதான் தேவேந்திரன் பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து நான்கு மணிவரை ‘பசுமை நேரம்’. ஏசி ஓடக் கூடாது. சுவரில் பெரிய அறிவிப்பு, அதில் கையில் செடியோடு அவர் படம். மூன்று மணியானால் எல்லோரும் டீக்கடைக்கு ஓடிவிடுவார்கள். தேவேந்திரன் கீழே போய்த் தன் காரில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, அங்கே ஏசியைப் போட்டுக்கொண்டு, பூமிக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் வேலை பார்த்த கலைமதி தன் ஊரான தொண்டூருக்கு ஒரு நூலகம் வரைந்திருந்தாள். அவளுடைய முதல் கட்டடம். மேற்கே கனமான செங்கல் சுவர். ஒரு பக்கம் தரையை ஒட்டித் தாழ்வான ஜன்னல்கள், எதிர்ப்பக்கம் கூரைக்குக் கீழே திறப்புகள். சூடான காற்று லேசானது, மேலே ஏறும். மேலே வழி இருந்தால் வெளியேறும். அது விட்ட இடத்தை நிரப்பத் தாழ்வான ஜன்னல் வழியே புதுக் காற்று வரும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

தேவேந்திரன் உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னா கலை, நெல்லு குடோன் மாதிரி இருக்குது? மேற்கால கண்ணாடி போடு, உங்க ஊர்க் குன்று தெரியட்டும். ஓரமா நாலு தொட்டி வெச்சிட்டா பசுமைக் கட்டடம்.”

“பஞ்சாயத்து நூலகம் சார். ஏசி கெடையாது. புள்ளைங்க வெந்துடும்.”

“அது அவங்க டென்ஷன். நமக்கு போட்டோ நல்லா வரணும்.”

முடிவு செய்ய வேண்டியவர் பஞ்சாயத்துத் தலைவர் மீனம்பாள். அவரை வரச் சொல்லும் வேலை கலைமதியுடையது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னாள்.

மே மாத வெயில். மீனம்பாள் உட்கார்ந்ததும் தேவேந்திரன் ரிமோட்டை எடுத்தார். மீனம்பாளோ சுவர் அறிவிப்பைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“‘இந்த நேரத்தில் ஏசி போடுபவர் பூமிக்குத் துரோகி.’ நல்லா எழுதியிருக்கீங்க தம்பி.”

ரிமோட் மேசைக்குத் திரும்பியது. தேவேந்திரன் கண்ணாடி நூலகத்தின் படத்தைக் காட்டினார். அவர் மூக்கிலிருந்து வியர்வை அதன்மேல் சொட்டியது.

“ஜன்னலத் தொறங்களேன்,” என்றார் மீனம்பாள்.

“இது தொறக்காது மேடம்.”

“அப்புறம் இன்னாத்துக்கு வெச்சீங்க?”

“கோட்டை தெரியும்ல. மேடம், வேணும்னா கீழ கார்ல உக்காந்து பேசலாமா? ஏசி இருக்குது.”

மீனம்பாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

“எங்க புள்ளைங்க படிக்கிறதுக்கும் கார் அனுப்புவீங்களா?”

தேவேந்திரன் சிரித்துப் பார்த்தார். மீனம்பாள் சிரிக்கவில்லை. கலைமதி பக்கம் திரும்பினார்.

“நீ நம்மூர்ப் பொண்ணுதான? நீ ஒண்ணும் வரையலியா?”

கலைமதி தன் வரைபடத்தை விரித்து, காற்று போகும் வழியை விரலால் காட்டினாள்.

“தாழ்வா ஜன்னல் வெச்சா பாம்பு வராதா?”

“கம்பி வலை போடறோம் தலைவரம்மா.”

“சாரல்?”

“மேல சன்ஷேடு நீட்டியிருக்குது.”

“அப்ப இதையே கட்டு.”

மீனம்பாள் போனதும் தேவேந்திரன் கைக்குட்டையைப் பிழிந்தார்.

“பாத்தியா கலை? பசுமை நேரம்னு ஒண்ணு நான் வெச்சதாலதான் அந்தம்மாக்கு இதெல்லாம் புரிஞ்சிது. இத ஒரு பேட்டியில சொல்லணும்.”

நான்கு மணியாக இன்னும் நேரம் இருந்தது. அவர் கீழே போனார். காரின் இன்ஜின் சத்தம் கேட்டது. கலைமதி நூலகத்தின் மேற்குச் செங்கல் சுவரின் வரைபடத்தை முதலில் அச்சுக்கு அனுப்பினாள்.