பேஸுக்கு அடியில் ஒரு குரல்

இந்த மனுஷன் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்?

அவள் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒலிப்பதிவுக் கூடத்துச் சுழல் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது கணவரின் குழு எப்போதோ வாசித்த பழைய பதிவு. அவர் இறந்துவிட்டார்; இப்போது அதைத் துலக்கிப் புது இசைத்தட்டாகக் கொண்டுவரப் போகிறார்கள். அவர் வாசித்த பேஸ் வாத்தியத்தின் தடித்த தந்திகள் உறுமுவதற்கு அடியில் ஒரு ஆண்குரல் முனகியது.

"அதாம்மா பிரச்சினை," என்றார் ஒலிப்பதிவாளர். "சாரோட குரல் மைக்ல விழுந்திருக்கு. நீங்க சரின்னா அழிச்சிடலாம்."

வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதே பெரும்பாடு. ஆளுயர பேஸைக் கட்டிப்பிடித்தபடி அவர் வாசிக்காத இடமில்லை. ஹோட்டல் நடனக் கூடங்கள், சினிமாப் பின்னணி, தேவாலயம், யார் யாருடைய குழுவிலோ பின்வரிசை. பிறகு சொந்தமாக ஒரு ஜாஸ் குழு. தலைவரான பிறகும் பின்வரிசையை விட்டு நகரவில்லை. அங்கே நின்றுகொண்டு முன்னால் இருப்பவர்களை எப்படித்தான் நடத்துகிறார் என்று அவளுக்கு எப்போதும் ஒரு குறுகுறுப்பு. கேட்க வாயெடுத்தால், கையை உயர்த்தி "இரு" என்பார். எதைப் பேச ஆரம்பித்தாலும் அந்த "இரு"தான். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

"என்ன சொல்றார்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

பின்னால் சோபாவில் இருந்த டிரம்மர் சிரித்தார். குழுவில் அவருக்குப் பெயர் இடி. "தெரியாம என்ன, அண்ணி. நம்ம பியானோக்காரனுக்கு எப்பவும் கால்ல வெந்நியக் கொட்டிக்கிட்ட அவசரம். முறை வர்றதுக்குள்ள பாஞ்சிடுவான். அண்ணன் பின்னாலேருந்து பிடிச்சு நிறுத்துவார். நல்லாக் கேளுங்க."

பதிவு மறுபடி ஓடியது.

"இரு... இரு..." பியானோ இரண்டு சுரம் தட்டிவிட்டுத் தயங்கியது. பேஸ் மட்டும் தனியாக நடந்தது, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்குகிற மாதிரி. அப்புறம் அதே குரல், அவள் கேட்டேயிராத ஒரு கனிவோடு: "ம். இப்ப சொல்லு."

பியானோ பொழியத் தொடங்கியது.

வீட்டிலும் அந்த "இப்ப சொல்லு" வந்திருக்குமோ? அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்ட பிறகு, காலி நாற்காலியைப் பார்த்து?

"உங்களுக்கும் சொல்வாரா?" என்று இடியிடம் கேட்டாள்.

"எனக்கா? சொன்னாலும் நிறுத்த மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

ஒலிப்பதிவாளரின் விரல் சுட்டியின் மேல் இருந்தது. "அடுத்த வாரம் வெளியிடணும்மா. கேக்கறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும். எடுத்துடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. அது அங்கயே கிடக்கட்டும்."

"இல்லம்மா, எதுக்குச் சொல்றேன்னா..."

அவள் திரும்பவில்லை. ஹெட்போனைக் கழற்றவும் இல்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். பதிவில் பேஸ் இன்னும் நடந்துகொண்டிருந்தது.