அவள் பங்கில் மிச்சம்

ஒரு மனிதன் ஒரு நாள் உயிரோடு இருப்பதற்கு விலை நூற்றைம்பது. இது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய விலை. இன்றைய தேதிக்கு முந்நூறு. சாப்பாடு, மின்சாரம், மாத்திரை, முடிவெட்டு, செய்தித்தாள் எல்லாம் இதில் அடக்கம். பல்வலி மட்டும் சேர்த்தி இல்லை. அதற்குத் தனியாக ஒரு டப்பா.

இந்த விலையைப் போட்டவர் பூட்டுக்கடைக்காரர். முப்பத்தாறு வருடம் பூட்டு விற்றுவிட்டு, அறுபத்திரண்டாவது பிறந்தநாளன்று கடையை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவர். கையில் பணம் வந்ததும், இருப்பதை வைத்து மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று எல்லோரையும் போல அவர் சும்மா இருந்துவிடவில்லை. மிச்சக் காலம் என்றால் எவ்வளவு? சரக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியாமல் கடை நடத்துகிறவனை அவர் வியாபாரியாகவே மதித்ததில்லை. அப்பா அறுபத்தாறில் போனார், பெரியப்பா அறுபத்தெட்டில், அண்ணன் அறுபத்தொன்பதில். ஆகவே தனக்கு எழுபது என்று முடிவுகட்டினார். அந்த எழுபது எப்படி எழுபத்துநான்கு ஆனது என்பது பின்னால் வரும்.

சிக்கல் என்னவென்றால், அந்த எழுபத்துநான்கு நேற்றோடு முடிந்தது. இன்று காலை வழக்கம்போல் ஐந்தரைக்கு அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே கையை அசைத்துப் பார்த்தார், காலை அசைத்துப் பார்த்தார். ஒன்றும் பழுதில்லை.

"இது என்னடா வம்பாப் போச்சு," என்றார் மேற்கூரையைப் பார்த்து.

ஒன்பது மணிக்கு மச்சினன் வந்து சேர்ந்தார். மனைவியின் தம்பி, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, இப்போது ஓய்வூதியம் வாங்குகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன அத்தான், இன்னும் இருக்கீங்களா?"

"இருக்கேன். இருக்குறதுதான் இப்ப பிரச்சினை. உள்ள வா."

"எனக்குப் பாருங்க, மாசம் ஒண்ணாந்தேதி ஆனா தானா வந்து விழுது. சாகுற வரைக்கும் வரும். எப்ப சாகணும்னு நான் யோசிக்கவே வேண்டாம்."

"நீ உத்தியோகத்துல இருந்தப்பவே எதையும் யோசிச்சதில்லையே," என்றார் பூட்டுக்கடைக்காரர்.

இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் எந்தக் கதவிலும் ஒரே மாதிரிப் பூட்டு கிடையாது. கடையில் விற்காமல் தேங்கியதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அலமாரியில் ஒரு பித்தளைப் பூட்டு; அதைத் திறக்க வேண்டுமானால் சாவியைப் போட்டுவிட்டுக் கரண்டியால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எந்த இடத்தில் தட்டுவது என்று அவர் மனைவிக்குத்தான் தெரியும். அவள் போனபின் ஆறு வருடமாக அவர் தட்டிக்கொண்டே இருக்கிறார். நாலாவது, ஐந்தாவது தட்டுக்குத்தான் மனம் இரங்குகிறது.

"தரகர் பதினோரு மணிக்கு வர்றாரு," என்றார் பூட்டுக்கடைக்காரர். "வீட்டைக் கொடுத்துட்டு மக கிட்டப் போயிடப்போறேன். பின்னால ஒரு ரூம் காலியா இருக்காம்."

"அவ வாஷிங் மெஷினை எங்க வைப்பா?"

"அதுவும் அங்கதான் இருக்கு."

மச்சினன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "அக்கா பணம் சும்மாதானே கிடக்குது," என்றார்.

"அதுல கை வைக்க மாட்டேன். அது அவ பங்கு."

எழுந்து போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார். ஒரு பக்கம் அவருடைய நாள், எதிர்ப்பக்கம் அவளுடைய நாள். பணமாக எழுதாமல் நாளாகவே எழுதியிருந்தார். போட்டுவைத்த பணத்தின் வட்டியும் ஏறுகிற விலைவாசியும் ஒன்றையொன்று தின்றுகொள்ளும் என்பது அவருடைய கணிப்பு. கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. அவருடைய பக்கத்தில் நாலாயிரத்து முந்நூற்று எண்பத்துமூன்று நாளும் தீர்ந்து, கடைசி வரியில் சைபர். அவளுக்கு எண்பது வயது வரை என்று எட்டாயிரத்து நானூறு நாள் ஒதுக்கியிருந்தார். ஆறு வருடம் வாழ்ந்துவிட்டு, மூன்று நாள் காய்ச்சலில், மீதி அத்தனையையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். மிச்சம் ஆறாயிரத்து இருநூற்று நான்கு.

"இந்தக் கணக்குப் போட்ட அன்னிக்கு நானும் இங்கதான் இருந்தேன், ஞாபகம் இருக்கா?" என்றார் மச்சினன். "இதே மேசை. ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

ஞாபகம் இல்லாமலா? அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். எனக்கு எண்பது, உங்களுக்கு மட்டும் எழுபதா என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவுதான் ஓடும், உன் அம்மா எழுபத்தொன்பது வரை இருந்தவள் என்று அவர் விளக்கினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் அப்படி உட்கார்ந்தால் பேரம் லேசில் முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"எண்பத்தஞ்சு போடுங்க," என்றாள்.

"கட்டுப்படியாகாது. எழுபது."

"எண்பது. உங்களுக்காக இறங்கி வர்றேன்."

"ஏம்மா, நீ வாங்குறவளா, விக்கிறவளா? எழுபத்தொண்ணு."

"எழுபத்தெட்டு. இதுக்குக் கீழ எனக்கு அசலே நிக்காது."

சாப்பிட வந்த மச்சினன் தட்டில் கை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். பூட்டுக்கடைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம். எதிராளி என்ன கேட்கிறார் என்பதைவிட எவ்வளவு குறைக்கலாம் என்பதே முக்கியம். எழுபத்துநான்கில் கொண்டுவந்து முடித்தார். தன் ஆயுளைத் தானே அடித்துப் பேசிக் குறைத்துவிட்டு, ஜெயித்த மனிதரைப் போல் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அதுக்கப்புறம் அக்கா ஒண்ணு சொன்னா," என்றார் மச்சினன்.

"என்னென்னமோ சொன்னா."

"மழுப்பாதீங்க. 'என் பங்குல மிச்சம் விழுந்தா நீங்க எடுத்துக்கணும்'னா. நீங்க, 'கடன் வாங்குற பழக்கம் எனக்கில்ல'ன்னீங்க. 'சரி, கடனாவே வச்சுக்கங்க, வட்டி கொடுங்க'ன்னா. என்ன வட்டின்னு கேட்டீங்க."

பூட்டுக்கடைக்காரர் நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க அத்தான். என்ன வட்டி?"

"மாசத்துல ஒரு பொருளாவது, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கணும்னா," என்றார் மெதுவாக. "பேரம் பேசாம."

கல்யாணமான புதிதில் நடந்த குடை விவகாரத்தின் வட்டி அது. பெரிய மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தபோது, கடைத்தெருவில் ஒரு குடைக்காரனிடம் அவர் அவளோடு நின்றார். முக்கால் மணி நேரப் பேரம். அதற்குள் மழை வந்தது, கொட்டித் தீர்த்தது, நின்றும் போனது. குடைக்காரன் தன் சரக்கிலேயே ஒன்றை விரித்துக்கொண்டு சௌகரியமாக நிற்க, இவர்கள் இருவரும் சொட்டச் சொட்ட நனைந்தார்கள். கடைசியில், 'மழைதான் விட்டுப்போச்சே, இனி எதுக்கு' என்று அவர் வாங்காமலே வந்துவிட்டார். அவள் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போதுதான் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு என்ன விலை போடுவது என்று அவர் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னாடா," என்றார்.

"நீங்க 'சரி'ன்னீங்க. நான் காதால கேட்டேன்."

"அதுவும் விளையாட்டுக்குத்தான்."

"ஓகோ! கடையில உட்கார்ந்துக்கிட்டு, 'வாயால சொன்னா சொன்னதுதான், சாட்சி இருந்தா பத்திரம் எதுக்கு'ன்னு ஊரெல்லாம் அளந்தீங்களே, அதுவும் விளையாட்டுதானா? பேரம் முடிஞ்சிருக்கு. சாட்சி நான் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன். என் அக்கா செத்துப்போயிட்டாங்கிறதுக்காக நீங்க பேச்சு மாறலாமா?"

முப்பத்தாறு வருடத்தில் பேச்சு மாறியவர் என்று ஒருவரும் பூட்டுக்கடைக்காரரைச் சொன்னதில்லை. முகம் சிவந்துவிட்டது. எழுந்து அலமாரிக்குப் போனார். வங்கிப் புத்தகம் அதற்குள்தான் இருந்தது. சாவியைப் போட்டார். கரண்டியால் தட்டினார். நாலாவது தட்டுக்குத் திறந்தது.

"தரகர் வந்தா என்ன சொல்லட்டும்?" என்று மச்சினன் கேட்டார்.

"வாஷிங் மெஷினுக்கு இடைஞ்சல் பண்ண விருப்பமில்லைன்னு சொல்லு."

வங்கியில் கூட்டம் இல்லை. இருவர் பெயரிலும் இருந்த கணக்கு. அவர் கையெழுத்தே போதுமானது. முந்நூறு என்று எழுதி நீட்டினார். "அவ்வளவுதானா ஐயா?" என்றாள் காசாளர் பெண். "ஒரு நாளைக்கு அவ்வளவுதான்மா," என்றார்.

திரும்பும் வழியில் கடைத்தெரு. வெயில் சுள்ளென்று அடித்தது. குடை விற்கிறவன் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்கை வரை தேய்த்துக்கொண்டான். அந்தத் தெருவில் இவரைத் தெரியாதவர் இல்லை.

"அந்தக் கறுப்பு என்ன விலை?"

"இருநூத்தம்பது, பெரியவரே." பாதியாவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே சொன்ன விலை அது.

பூட்டுக்கடைக்காரரின் தொண்டையில் நூற்றிருபது என்ற சொல் வந்து நின்றது. விழுங்குவதற்குச் சிறிது நேரம் ஆனது. பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

குடைக்காரன் வாங்கவில்லை. "என்ன பெரியவரே, உடம்புக்கு ஏதாவது?"

"நல்லாத்தான் இருக்கேன். பிடி."

"நீங்க ஒரு விலை கேளுங்களேன். எனக்கே ஒரு மாதிரியா இருக்குது."

"கேட்க மாட்டேன்பா. இது வட்டி."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேகம் இல்லாத வானத்தின் கீழ் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பூட்டுக்கடைக்காரர் நடந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓரமாகவே நடந்தார், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விடுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் அவளுடைய பக்கத்தைத் திறந்தார். ஆறு வருடமாக எதுவும் எழுதாத பக்கம். பேனாவை உதறி எழுதினார்:

பழைய இருப்பு: 6,204 நாள்.
கடனாக எடுத்தது: 1 நாள்.
நிற்பது: 6,203 நாள்.
இந்த மாத வட்டி: குடை ஒன்று. சொன்ன விலை 250. கொடுத்த விலை 250. குறைத்தது இல்லை.
அசல்: பாக்கி.