ரோண்டாவின் காவலாளியும் வெள்ளிக்கிழமை மீனும்

தொலைபேசியில் பதிவாகியிருந்த குரல் நிதானமாகத்தான் பேசியது. ரோண்டாவின் மகள் எந்தத் திருப்பத்தில் பள்ளிப் பேருந்து ஏறுகிறாள், என்ன நிறத்தில் தொப்பி போடுகிறாள் என்று சொன்னது. தேர்தல்வரை ரோண்டா உயிரோடு இருப்பது கஷ்டம் என்றது. அவ்வளவுதான்.

ரோண்டா எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், இரண்டாம் முறையாக நிற்கிறாள். நான் மார்லிஸ், அவளுடைய பிரசாரப் பொருளாளர். மிரட்டல் பதவியால் வந்ததென்றால் காவலுக்குப் பிரசார நிதியைச் செலவு செய்யலாம் என்று மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மாவட்டக் காவல்துறையில் ஷெரிஃப்பின் துணை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஆர்லனை அமர்த்தினேன். ரோண்டா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

"பால் பண்ணைக்காரங்க அஞ்சும் பத்துமா குடுத்தது தேர்தல் பலகை நடறதுக்குடி. என் வாசல்ல ஆள் நிறுத்தறதுக்கா?"

எதிர்க்கட்சிக்காரன் அதையே துண்டறிக்கையாக அடித்து வீடு வீடாக அனுப்பினான். 'உங்கள் ஐந்து டாலரில் ராணிக்கு மெய்க்காப்பாளர்.' அதோடு ரோண்டாவின் மனம் உடைந்தது. வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்து மீன் விருந்தில் ஆர்லனை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாக எல்லோர் முன்னாலும் அறிவிக்கப் போவதாகச் சொன்னாள். காவல் இல்லாவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்கு மட்டும்தான் பதறியது.

விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை மீன் என்றால் ஊரே வரும். நீளமான மேசைகள், ரை தானிய ரொட்டி, கோஸ் சாலட், வறுத்த காட் மீன். உள்ளே வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது சாப்பாட்டு வரிசையில்தான். தட்டை வாங்கிய பிறகுதான் 'எப்படி இருக்கே' என்றே கேட்பார்கள்.

ஆர்லன் வாசலில் கைகட்டி நின்றான். நின்றபடி இருக்கும் ஒரு மனுஷனைச் சாப்பிட வைக்காமல் எங்கள் ஆட்களால் இருக்க முடியாது. மூன்று பெண்கள் தட்டு நீட்டினார்கள், அவன் மறுத்தான். கடைசியில் பண்ணைக்கார வெர்ன் எழுந்து போனார். துண்டறிக்கையைப் படித்துவிட்டு என்னிடம் காட்டமாகப் பேசியவர் அவர்தான்.

"ஏம்பா, நம்ம காசுல நிக்கிறே. நம்ம மீனைத் தின்னா கசக்குமா? வந்து உக்காரு."

ஆர்லனின் தோளைப் பிடித்து மேசைக்கு இழுத்து வந்தார். சிரிப்பு எழுந்தது. வாசல் காலியானது. நானும் சிரித்தேன்.

ரோண்டா ஒலிவாங்கியைக் கையில் எடுத்தபோதுதான் ஓர் ஆள் உள்ளே வந்தான். வேட்டைக்காரச் சட்டை, மெலிந்த முகம். அவன் சாப்பாட்டு வரிசைக்குப் போகவில்லை. கூடத்தில் இருந்த நூறு பேரில் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன் அவன் ஒருவன்தான். நேராக ரோண்டாவை நோக்கி நடந்தான், வலது கை சட்டைக்குள்.

"ஆர்லன்!" என்று கத்தினேன்.

ஆர்லன் மேசை மேலேயே ஏறி வந்தான். தட்டுகள் உருண்டன. ரோண்டாவுக்கு ஓர் அடி முன்னால் அந்த ஆளைக் கீழே தள்ளி மணிக்கட்டைத் திருப்பினான். மான் உரிக்கும் கத்தி தரையில் விழுந்தது. காகித ஆலை மூடியபோது வேலை இழந்து, பழியை ரோண்டா மேல் போட்டுத் திரிந்தவன் அவன் என்று யாரோ சொன்னார்கள். போலீஸ் வரும்வரை தரையில் கிடந்தபடி அழுதுகொண்டிருந்தான். ரோண்டாவே ஒரு துவாலையை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தாள்.

வெர்னின் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் இருந்தவனைத் தானே இழுத்து வந்ததாக அவர் யாரிடமோ முணுமுணுப்பது கேட்டது.

ரோண்டா மறுபடி ஒலிவாங்கியை எடுத்தாள்.

"இவரை அனுப்பிட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். இப்ப சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. உங்க காசுலதான் இவரை வெச்சுக்கப் போறேன், ஒளிச்சு மறைச்சு இல்ல. பிடிக்காதவங்க மார்லிஸ்கிட்ட காசைத் திருப்பி வாங்கிக்கலாம்."

யாரும் கைதட்டவில்லை, எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கம்மி. சிதறிய மீனை ஒவ்வொருவராகக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள்.

நான் கல்லாப் பெட்டியோடு கதவருகே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கடந்து போனார்கள். கடைசியாக வெர்ன் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் நின்றார். காசைத் திருப்பிக் கேட்கத்தான் போகிறார் என்று பெட்டியைத் திறந்தேன்.

"ராத்திரி அவ வீட்டுக்கு யாரு காவல்?"

அதற்கு நிதி போதாது என்றேன்.

"போதலைன்னா கேக்க வேண்டியதுதானே, மார்லிஸ்" என்று கோபப்பட்டார். பணப்பையைத் தேடி இரண்டு பாக்கெட்டுகளையும் தடவத் தொடங்கினார்.